ஏழைக்கேற்ற அங்கோர்

எங்கள் அடுக்ககத்தில் கம்போடியாவின் அங்கோர் வாட் பார்க்காதவர்கள் நாம் மட்டும்தான் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். இது மிகை. கீழே வாட்ச்மேன் இருக்கிறார், அவரும் பார்த்ததில்லை. இதை நான் ஆதாரமாக எடுத்து வைத்தபோது, “போன மாசம் அவரு காசிக்குப் போயிட்டு வந்தாரு, தெரியுமா?” என்றாள். அந்த வாதம் அதோடு படுத்துவிட்டது.

கணக்குப் பிரிவில் காலத்தை ஓட்டியவன் நான். யார் எதைக் கேட்டாலும் முதலில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதி, பிறகு மறந்துவிடுவது எங்கள் துறையின் மரபு. மனைவியோ எம்.ஏ. வரலாறு. மறப்பது அவள் துறையின் மரபல்ல.

இந்த ஆண்டு கோடை விடுமுறையில் அவள் புதிய திட்டத்தோடு வந்தாள். அங்கோர் வாட் வேண்டாமாம். அங்கேதான் ஊரே போகிறதே. அதிகம் பேர் போகாத கெமர் கோயில்கள்தான் வேண்டுமாம். ‘வேண்டாம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு மகிழ்ச்சி. அடுத்த நிமிடமே பட்டியல் வந்துவிட்டது. கோ கெர் என்ற ஊர். நான்காம் ஜெயவர்மன் என்பவன் அங்கோரை விட்டுத் தலைநகரை அங்கே கொண்டுபோனான். 928 முதல் 944 வரை, வெறும் பதினாறு வருஷம். அதற்குள் ஏழு அடுக்கில் 36 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோயிலை எழுப்பிவிட்டான். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் அதைவிட அதிக வயதானது. அடுத்து சம்போர் பிரேய் குக், ஏழாம் நூற்றாண்டு, எண்கோண வடிவில் செங்கல் கோயில்கள். பெங் மியாலியா என்றொரு கோயில், மரங்களின் வேர் பிடித்துச் சரிந்தது சரிந்தபடியே விட்டு வைத்திருக்கிறார்களாம். பந்தேய் ச்மார் என்று இன்னொன்று, ஏழாம் ஜெயவர்மன் கட்டியது. 1998 வாக்கில் திருடர்கள் அதன் சிற்பச் சுவரில் ஒரு பகுதியையே பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

“சுவரையே தூக்கிட்டுப் போற ஊருக்கா குடும்பத்தோட போறது?” என்றேன்.

“நம்மகிட்ட தூக்கிட்டுப் போக என்ன இருக்கு?” என்றாள். என் சம்பளச் சீட்டைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் மறுத்துப் பேச முடியவில்லை.

இதில் என் மாமியாரும் ஒரு கட்சி. அவர்களுக்கு ஊர் காரைக்கால். அங்கோருக்குச் சற்றுத் தள்ளி பந்தேய் ஸ்ரே என்று சிவப்புக் கல்லில் இழைத்த சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. 967-இல் குடமுழுக்கு. அரசன் கட்டியதல்ல, யஞ்ஞவராகன் என்ற அரச குரு கட்டியது. 1923-இல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் அதன் சிற்பங்களை அறுத்து எடுத்துப்போய் மாட்டிக்கொண்டார். பின்னாளில் அவரே பிரான்ஸின் கலாசார அமைச்சர் ஆனார். அனுபவம் உள்ளவருக்கே அந்தத் துறையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலருகே எலும்பும் தோலுமாக ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார்!

“எங்க ஊரு பொம்பள ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே கம்போடியா போயிட்டா மாப்ள. நாங்க இன்னும் திருச்சியத் தாண்டல” என்றார் மாமியார்.

காரைக்கால்காரர்கள் வீட்டில் பெண் எடுத்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அம்மையாரின் கணவன் பரமதத்தன் மாம்பழ விஷயத்தில் மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு மிரண்டு ஓடிப்போனவன். ஆனித் திருவிழாவில் ஊரே மாம்பழம் இறைத்து அதைக் கொண்டாடுகிறது. ஓடிப்போன கணவன் என்ற உவமானம் அந்த வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். “பரமதத்தனாவது கப்பல் ஏறினான்” என்றாள் மனைவி. “நீங்க?”

நான் சும்மா இருக்கவில்லை. நானும் படித்தேன். முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போச அரசன் அனுப்பிய கல்லொன்று அங்கே கோயிலில் பதிக்கப்பட்டதைச் சொல்கிறது. கரந்தைச் செப்பேடோ அதற்கும் முந்தைய காம்போச அரசன் ஒருவன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைச் சொல்கிறது. ஆக, கம்போடியாக்காரர்களே கல்லையும் தேரையும் இங்கே அனுப்பிவிட்டார்கள், பார்சல் செலவு உட்பட. அதை விட்டுவிட்டு நாம் ஏன் அங்கே போக வேண்டும்? அருமையான வாதம். “சரி, சிதம்பரத்துக்கு என்னிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்ற கேள்வி வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

எல்லைத் தகராறும் கைகொடுக்கவில்லை. பிரேயா விஹியர் மலைக்கோயில் கம்போடியாவுக்கே என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தும் தாய்லாந்தோடு சண்டை ஓயவில்லை. 2025 ஜூலையில் எல்லையிலுள்ள பழைய கோயில்களைச் சுற்றி குண்டே விழுந்தது. நான் அந்தச் செய்தித்தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். உரிய தருணத்தில் மடிப்புக் கலையாமல் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி வரைபடத்தை விரித்து, சம்போர் பிரேய் குக் எல்லைக்குப் பக்கத்திலேயே இல்லை, நாட்டின் நடுவில் இருக்கிறது என்று காட்டினாள். வரலாறு படித்தவர்களுக்குப் பூகோளமும் தெரிந்திருப்பது அநியாயம்.

கடைசியில்தான் எனக்குக் கொல்லிமலை தோன்றியது.

“உனக்கு என்ன வேணும்? பழைய கோயில். யாரும் போகாத இடம். காடு. மலை. ஆறு. சித்தர்கள் குகை வேற எக்ஸ்ட்ரா. எல்லாம் நாமக்கல்லுக்குப் பக்கத்திலயே இருக்கு.”

“இடிபாடு இருக்குமா?”

“மலை முழுக்க இடிபாடுதான்” என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொல்லிமலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே மிளகு மலிவு என்பதுதான்.

முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். அங்கே கோட்டைப் பாறையின் இரு பக்கமும் எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தவர் குடைந்த குடைவரைகள், நரசிம்மருக்கு ஒன்று, அரங்கநாதருக்கு ஒன்று. சம்போர் பிரேய் குக்குக்கு ஒரு நூற்றாண்டுதான் இளையது என்று காரை நிறுத்தும்போதே சொல்லி வைத்தேன். மனைவி உள்ளே போய் நரசிம்மரை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாள். “பிரமாதம். ஆனா இடியலையே” என்றாள். பாறையைக் குடைந்த கோயில் எப்படி இடியும் என்று கேட்க நினைத்து, இனிமேல் இடிவது என் பொறுப்பு என்று ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளியில் மலைப்பாதை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. இதைக் கண்டுபிடித்தவர் கணக்குப் பிரிவில் இருந்திருக்க வேண்டும். துன்பத்தை இவ்வளவு துல்லியமாக எண்ணிக் கொடுப்பது எங்களுக்கே வரும் கலை. வண்டி ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றாது என்பது பொதுவிதி. நான் விதிவிலக்கு. எலுமிச்சம்பழத்தை மாமியாருக்கென்று வாங்கி வைத்திருந்தோம். அதை நான் முகர்ந்துகொண்டிருக்க, மாமியார் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சிவபுராணம் சொல்லிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டாவது வளைவில் மனைவி, “தள்ளுங்க” என்றாள். மீதி மலையை அவள் ஓட்டினாள். நான் பின்னிருக்கையில் மாமியாரின் தோளில் சாய்ந்து மேலே போனேன். மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருந்தால் அது அந்த முப்பத்திரண்டாம் பலகையடியில்தான் கிடக்கும். யாரேனும் போனால் பார்க்கலாம்.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்கு அரசன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தான் என்று புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார். கம்போடியா ஆசை, மாமியார் ஆசை, மகன் விடுமுறை, வீட்டுக்கு மிளகு, என் சேமிப்பு என்று நானும் ஒரே அம்பில் ஐந்தை அடிக்கத்தான் இந்தப் பயணத்தைத் தொடுத்தேன். இதை மகனிடம் விளக்கினேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவன், தமிழில் நல்ல மதிப்பெண். “ஓரி தர்மமா அள்ளிக் கொடுத்தவருப்பா” என்று மட்டும் சொன்னான்.

“ஓரியோட அரண்மனை எங்க?” என்று மனைவி கேட்டாள். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! இரண்டு தூண், ஒரு படிக்கட்டு, சரிந்த சுவர்மேல் ஒரு ஆலம் விழுது. ஒன்றும் இல்லை. காரி வந்து ஓரியைக் கொன்றான், மலை சேரமானுக்குப் போயிற்று, கோட்டை கொத்தளம் எதுவும் பாக்கியில்லை. ஜெயவர்மனுக்கு 36 மீட்டர் கல் மிஞ்சியது. ஓரிக்கு ஒரு அம்பு மிஞ்சியது, அதுவும் பாட்டில். ஆனால் ஆடிப் பதினெட்டையொட்டி அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. கோ கெரில் யாரும் நான்காம் ஜெயவர்மனுக்கு விழா எடுப்பதாகத் தெரியவில்லை. இதைச் சொல்லி அரைக் கிலோமீட்டர் சமாளித்தேன்.

அடுத்து எட்டுக்கை அம்மன். கொல்லிப்பாவை என்று சங்கப் பாடல்கள் சொல்லும் பாவை இவள்தான் என்பது மலையின் நம்பிக்கை. சிரித்தே மயக்கி ஆளைக் கொல்லுமாம் அந்தப் பாவை. இங்கேதான் என் படிப்பு உதவியது. அங்கோர் வாட் மேற்கு வாசலில் எட்டுக் கையோடு ஒரு விஷ்ணு நிற்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அவரைத் ‘தா ரீச்’ என்று தங்கள் காவல் தெய்வமாக்கி, ஊதுபத்தி ஏற்றி, பட்டுத் துணி சுற்றிக் கும்பிடுகிறார்கள். “அங்கேயும் எட்டுக் கை, இங்கேயும் எட்டுக் கை. கைக்குக் கை சரியாப் போச்சு. வரவு செலவு நேர்” என்றேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சங்கப் புலவர்கள் எதைச் சொன்னார்கள் என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

பெரியகோவிலூர் அறப்பளீசுவரர்தான் என் கடைசி நம்பிக்கை. தேவார வைப்புத்தலம், சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உழும்போது ஏர் முனை பட்டு வெளிப்பட்ட லிங்கம் என்று தலபுராணம். உச்சியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். பக்கத்தில் ஓடும் ஆற்று மீன்களைச் சிவனாகவே நினைத்து இரை போடுகிறார்கள். ஒருமுறை யாரோ பிடித்து அறுத்துக் குழம்பு வைத்த மீனை இறைவன் மறுபடியும் பொருத்தித் தண்ணீரில் விட்டாராம். மாமியார் பொரியை மொத்தமாக மீனுக்குக் கொட்டினார். அது எங்கள் மாலைச் சிற்றுண்டி.

கோயில் எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை. விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, பூ விற்கிறார்கள், கல்யாண வீட்டார் ஒரு கும்பலாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூரை ஒழுகவில்லை. மரம் முளைக்கவில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் பிராகாரத்தைச் சுற்றி வந்தாள். அவள் பேசாமல் சுற்றினால் எனக்கு அடிவயிறு கலங்கும். அங்கே நின்றிருந்த பூசாரியிடம் ஓடினேன்.

“சாமி, இங்க இடிஞ்சு கெடக்கிற கோயில் எதாச்சும் இருக்குங்களா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன், நல்லா இருக்கிற கோயில் ஒத்துக்காதா உங்களுக்கு?”

அம்பலவாணக் கவிராயர் இந்தச் சாமி பேரில்தான் அறப்பளீசுர சதகம் பாடினார். நல்ல மனைவி எப்படி இருப்பாள், நல்ல பிள்ளை எப்படி, உடன்பிறப்பு எப்படி, ஆசிரியர் எப்படி என்று குடும்பத்துக்கும் ஊருக்கும் இலக்கணம் வகுத்த நூறு பாட்டு. இதை மனைவிக்கு நினைவூட்டினேன். கணவனுக்கு என்ன இலக்கணம் சொல்லியிருக்கிறார் என்று அவள் கேட்டாள். மீன் பார்க்கப் போய்விட்டேன்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல். அருவியைப் பார்க்க முதலில் இறங்க வேண்டும்; பார்த்த பிறகு ஏற வேண்டும். சாதாரண மலைகளில் ஏற்றம் முதலில் வரும், முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே கடனை முதலில் வாங்கவைத்து வட்டியைப் பிறகு சொல்கிறார்கள். அருவி அழகுதான். இருபுறமும் மலை நெருக்கி நிற்க, நடுவில் மொத்த ஆறும் தலைகுப்புற விழுகிறது. கோரக்கர், காலாங்கிநாதர் பெயரில் குகைகளும் அந்தப் பக்கம்தான். நான் பார்க்கவில்லை. திரும்பி ஏற வேண்டிய படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய என் மாமியார் மூச்சு வாங்காமல் ஏறி மேலே போய், மூங்கில் தட்டியடியில் உட்கார்ந்து முடவாட்டுக்கால் சூப் குடித்துக்கொண்டிருந்தார். பாறையில் படரும் ஒரு செடியின் கிழங்கு அது. மேலே ரோமம் ரோமமாக இருக்கும், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே. மிளகு தட்டிப் போட்டுக் கொடுக்கிறார்கள். முட்டிவலிக்கு நல்லதாம். நான் வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்த கடைக்காரம்மா, கேட்காமலே ரெண்டு கப் ஊற்றினார்.

“இடிபாடு பார்க்கணும்னு சொன்னியேடி, இதோ வருது பாரு” என்று மாமியார் மகளிடம் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சூப் சூடாக இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் மனைவி கற்கோடாரி விஷயத்தைச் சொன்னாள். சேர்வராயன் மலை, கொல்லிமலைப் பக்கமெல்லாம் புதிய கற்காலத்து ஆட்கள் வழவழவென்று தேய்த்துச் செய்த கற்கோடாரிகள் உழும்போது கிடைக்கின்றன. இங்கே வாழும் மலையாளிகள், அதாவது கேரளத்தார் அல்ல, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள், அவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. பிள்ளையார் கோயிலிலோ மரத்தடியிலோ சேர்த்து வைத்து, பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். நாலாயிரம் வருஷத்துச் சாமான். கோ கெர் கட்டுவதற்கு மூவாயிரம் வருஷம் முன்னால் செய்தது.

“அப்ப ஜெயிச்சது நான்தானே?” என்றேன்.

“நீங்க இடிபாடுன்னு சொன்னீங்க. இவங்க எதையும் இடிய விட மாட்டேங்கிறாங்களே. கிடைச்சதையெல்லாம் எடுத்து வேலைக்கு வச்சுக்கிறாங்க. ராஜா கட்டினா ராஜா போனதும் காடு வந்துடும். இங்க ராஜா போனப்புறமும் ஆளுங்க போகலையே, அப்புறம் எப்படி இடியும்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்த மாதிரி பட்டது. ஆனால் கணக்குப்படி நான் வாக்குக் கொடுத்த சரக்கு வந்து சேரவில்லை என்பது பாக்கிதான்.

திரும்பும் வழியில் சோளக்காட்டில் மிளகு வாங்க நிறுத்தினோம். மிளகுக்காரர் நாற்பது வயது இருக்கும், நல்ல பேச்சுக்காரர். எதற்கு வந்தீர்கள் என்றார். பழைய காலத்து உடைந்த சாமான்கள் எதையாவது தேடி வந்ததாகச் சொன்னேன்.

“உடஞ்ச கல்லுங்களா? எங்க வூட்டுப் பின்னால ஒண்ணு கெடக்குதே.”

எனக்கு உடம்பே சிலிர்த்தது. மனைவியைக் கூப்பிட்டேன், மகனைக் கூப்பிட்டேன். மாமியார் பலாப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தார், வரவில்லை. காப்பிச் செடிகளையும் வாழையையும் தாண்டிப் பின்பக்கம் போனோம். பாசி படிந்து, பாதி மண்ணில் புதைந்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் வட்டமாகக் குழிவோடு ஒரு கருங்கல். ஓரத்தில் சின்னதாக ஒரு செடிகூட முளைத்திருந்தது. பெங் மியாலியாவில் இதைவிட என்ன இருக்கப் போகிறது? எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன். மகனைப் பக்கத்தில் நிற்க வைத்து அளவுக்கு ஒன்று எடுத்தேன்.

“எத்தனை வருஷமாங்க இங்க இருக்கு?”

“போன தீவாளிக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கையில இடிச்சுட்டானுங்க. ஆட்டுக்கல்லு. அம்மாவோடது. அதுக்கப்புறந்தான் கிரைண்டர் வாங்கினோம்.”

மனைவி அங்கேயே ஒரு வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வீறாப்பாக அரைக் கிலோ மிளகு கூடுதலாக வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன்.

கீழே இறங்கும்போதும் அவள்தான் ஓட்டினாள். மகன் என் கைப்பேசியிலிருந்து அந்தப் படத்தைக் காரைக்கால் குடும்பக் குழுவில் ஒரு விளக்கமும் இல்லாமல் போட்டுவிட்டான். சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. நாற்பதாவது வளைவு வாக்கில் என் மனைவியின் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊர்க் கோயில்களைப் பற்றி மலர்களில் எழுதுபவர். பெரிதுபடுத்திப் பார்த்ததாகவும், முற்காலச் சோழர் பாணி என்பதில் தமக்குச் சந்தேகமே இல்லை என்றும், நடுவிலுள்ள குழி தூண் நிறுத்தியது என்றும், மாப்பிள்ளை உடனே தொல்லியல் துறைக்கு எழுத வேண்டும், வரைவு தாமே தயார் செய்து தருவதாகவும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒன்பது பேர் கை கூப்பியிருந்தார்கள்.

பத்தாவது ஆளாக நானும் கூப்பினேன்.